ஒரே வேலைக்கு ஏன் வேறு வேறு சம்பளம்?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் நம் அலுவலக மேசைக்கு வருகின்றன. அவற்றில் தகப்பனாரின் தொழில் என்ன, மாத வருமானம் எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அந்த இரண்டு கட்டங்களையும் வரிசையாகப் படித்துப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இரண்டு பேர் எலெக்ட்ரீஷியன். வயதும் அனுபவமும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் வருமானம் மற்றவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு பேர் ஜவுளிக்கடை விற்பனையாளர்கள். ஒருவருக்கு மருத்துவச் சீட்டு உண்டு, மற்றவருக்கு ஞாயிறு அரைநாள் விடுமுறைகூடக் கிடையாது. இதை "அவரவர் நஸீபு" என்று சொல்லி மூடிவிடலாம். ரிஸ்கு அல்லாஹ்விடமிருந்து வருவதுதான். ஆனால் அது எந்தெந்த வாசல் வழியாக வருகிறது, எந்த வாசல் நம் ஆட்களுக்குச் சாத்தியிருக்கிறது என்று பார்ப்பது நம் கடமை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். பேச்சின் முடிவில் வணிகர்கள் சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

சம்பளத்தைத் தீர்மானிப்பதில் வேலைக்காரரின் பங்கு ஒன்று, வேலை கொடுப்பவரின் பங்கு ஒன்று. முதலாவது நமக்கெல்லாம் பழக்கமானது. மூஸா அலைஹிஸ்ஸலாம் மத்யன் நகருக்கு வந்த வரலாற்றை மதரஸாப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தகப்பனாரிடம் பரிந்துரைத்த அந்தப் பெண்மணி இரண்டு தகுதிகளைச் சொன்னார்: உடல் வலிமை, நம்பகத்தன்மை. ஓர் ஆளை மதிப்பிட இன்றைக்கும் இவற்றைத்தான் பார்க்கிறோம். வலிமை என்ற இடத்தில் திறமை, படிப்பு, அனுபவம் என்று போட்டுக்கொள்ளலாம். அந்த வரலாற்றில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிற பகுதி, வேலை கொடுத்த பெரியவரின் நடத்தை. காலத்தை முதலிலேயே பேசினார்: எட்டு ஆண்டுகள், பத்தாக்கினால் அது உம் விருப்பம். உமக்குச் சிரமம் கொடுக்க நாடவில்லை என்றும் சொன்னார். ஆக, வேலை கொடுப்பவர் எப்படிப்பட்டவர் என்பதும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

பொருளாதாரம் படித்தவர்கள் ஆடம் ஸ்மித்தைச் சொல்வார்கள். 1776இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில், வேலைக்கு வேலை கூலி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஐந்து காரணங்கள் தந்திருக்கிறார். வேலையின் கடினமும் அருவருப்பும், அதைக் கற்க ஆகும் செலவு, வேலை ஆண்டு முழுதும் கிடைக்குமா என்பது, எவ்வளவு நம்பிக்கை வைத்து ஒப்படைக்க வேண்டிய வேலை என்பது, அதில் வெற்றி பெறும் வாய்ப்பு. கொத்தனாருக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை, ஆகவே வேலை உள்ள நாளில் கூலி கூடுதலாக இருக்க வேண்டும். பொற்கொல்லரிடம் தங்கத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம், அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் கூலி. ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் கட்டட வேலை எப்படி முடங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஐந்தும் ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கின்றன. அதே வேலை, அதே படிப்பு, அதே மழை இருந்தும் சம்பளம் வேறாக இருப்பதற்கு இவை போதா.

பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். லால்பேட்டை மன்பஉல் அன்வாரிலோ வேலூர் பாக்கியாத்திலோ ஒரே ஆண்டு ஸனது வாங்கிய இரண்டு ஆலிம்கள். ஒரே உஸ்தாதுகளிடம் ஓதியவர்கள், குரலும் கல்வியும் ஒத்தவர்கள். ஒருவர் கடைத்தெருவில் வக்ஃபு கடைகள் உள்ள பள்ளியில் இமாமாகிறார். வாடகை மாதம் தவறாமல் வருகிறது. மற்றவர் ஜும்ஆ வசூலை மட்டும் நம்பியிருக்கும் சிறிய மஹல்லாவில் சேர்கிறார். இரண்டாமவர் கூடுதலாகக் காலை மக்தபும் நடத்துகிறார், மையித்து வீட்டுக்கும் அவர்தான் போகிறார், மோதினார் ஊருக்குப் போனால் பாங்கும் அவரே. சம்பளம் யாருக்குக் கூடுதல் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆலிமின் தகுதியில் இங்கே ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் முழுவதும் சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. 1993இல் உச்ச நீதிமன்றம் இமாம்களுக்கு ஊதியத் திட்டம் வகுக்கும்படி வக்ஃபு அமைப்புகளுக்கு உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்த கவலையும் இதுதான்.

வேலைக்காரரின் பங்கு எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் ஜான் அபவுட், பிரான்சிஸ் கிராமார்ஸ், டேவிட் மார்கோலிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள். 1999இல் வெளியான அவர்களுடைய ஆய்வு நம் ஊருக்குப் பழைய உறவான பிரான்சு நாட்டைப் பற்றியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பிடித்த வழி எளிமையானது. ஒருவர் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது ஆள் மாறவில்லை, நிறுவனம் மட்டும் மாறுகிறது. அப்போது சம்பளம் ஏறினால் அந்த ஏற்றம் புது நிறுவனத்தைச் சேர்ந்தது. இப்படி லட்சக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதில், சம்பள வேறுபாட்டில் பெரிய பங்கு ஆளைச் சார்ந்தது என்று தெரிந்தது. நிறுவனத்தைச் சார்ந்த பங்கு அதைவிடச் சிறிது, ஆனாலும் இருக்கிறது. பிறகு மேற்கு ஜெர்மனியில் 1985 முதல் 2009 வரையிலான கணக்கை ஆராய்ந்தவர்கள், சம்பள ஏற்றத்தாழ்வு அங்கே வளர்ந்ததற்கு நிறுவனங்களுக்கிடையே இடைவெளி விரிந்தது ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

"படி, படி" என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வது வீண் அல்ல என்பது முதல் முடிவிலிருந்து தெரிகிறது. படித்தபின் எங்கே சேர்கிறோம் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

ஒரு நிறுவனம் ஏன் கூடுதலாகக் கொடுக்கிறது? தர்ம சிந்தனை ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு. 1914 ஜனவரியில் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு தம் கார் தொழிற்சாலையில் நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்; ஆள் எடுப்பதும் பழக்குவதுமே அவருக்குப் பெரும் செலவாகியிருந்தது. கூலியைக் கூட்டியதும் ஆட்கள் நிலைத்தார்கள். நம் கடைவீதியிலும் இதைக் காணலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை "பையன் தேவை" என்று அட்டை தொங்கும் கடைகள் எவை, பத்து ஆண்டுகளாக அதே முகங்கள் நிற்கும் கடைகள் எவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிறுவனத்தின் அளவு இன்னொரு காரணம். சட்டமே அளவைப் பார்த்துத்தான் பிடிக்கிறது. பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ. வருகிறது, இருபது பேருக்கு வருங்கால வைப்பு நிதி. எட்டுப் பேர் உள்ள கடைக்கு இரண்டும் இல்லை. இதைக் குடும்பங்கள் சரியாகக் கணக்கிடுவதில்லை. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை சிறிய கடையில் இருக்கிறான்; 13,000த்தையும் கையில் வாங்கி வருகிறான். இரண்டாவது பிள்ளை பதிவு பெற்ற நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்கு வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 97 ரூபாய் 50 காசு பிடித்துவிட்டு, கையில் 11,342 ரூபாய் 50 காசு தருகிறார்கள். உம்மாவின் கண்ணுக்கு முதல் பிள்ளையின் வேலைதான் நல்ல வேலை. பெண் வீட்டார் கேட்பதும் "கையில் எவ்வளவு வருகிறது" என்றுதான். ஆனால் இரண்டாவது பிள்ளையின் கணக்கில் முதலாளி தன் பங்காக இன்னொரு 1,560 போடுகிறார்; அதில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 422 ரூபாய் 50 காசு கட்டுகிறார். ஆக அந்தப் பிள்ளையின் உண்மையான சம்பளம் 13,000 அல்ல, 15,000க்குச் சற்றுக் குறைவு. பத்து ஆண்டுகள் வேலை செய்துவிட்டு அதே சம்பளத்தில் விலகினால்கூடப் பணிக்கொடை உண்டு: 13,000த்தை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500, ஆண்டுக்கு 15 நாள் வீதம் பத்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். முதல் பிள்ளை பத்து ஆண்டு கழித்து வெளியே வரும்போது ஒரு ஸலாம் மட்டும்தான். வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் பைத்துல்மால் வாசலுக்கு வருபவர்களில் இந்த முதல் பிள்ளையின் குடும்பங்களே மிகுதி. இதை அலுவலகத்தில் இருந்து பார்த்துத்தான் சொல்கிறோம்.

இந்த வரம்பைத் தெரிந்துகொண்டு ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிறவர்களும், ஒரே கடையை மூன்று பெயரில் பிரித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். யார் என்று நாம் தேடப்போவதில்லை.

முதலாளியின் குணம் தானாக மாறுவது அரிது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள் இந்த ஊரின் வயிற்றை நிரப்பின. அவை பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று அறியப்பட்டன. வேலை நேரத்துக்கு வரம்பில்லாத காலம் அது. தோழர் வ. சுப்பையா போன்றவர்கள் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். மறு ஆண்டு, 1937 ஏப்ரலில், எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கும் ஆணை வந்தது. சுற்றியிருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது அது இல்லை. பத்து மைல் தள்ளி எல்லை தாண்டினால் அதே தறி, அதே நூல், ஆனால் வேறு வேலை நேரம். அந்தச் சட்டம் வந்தபோது தறி ஓட்டியவர் கைத்திறன் ஓர் இரவில் கூடிவிடவில்லை. மாறியது முதலாளிமீது இருந்த கட்டுப்பாடு.

அதே ஆலைகளின் முடிவும் ஒரு பாடம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் அடித்த தானே புயல் ஏ.எஃப்.டி.யைச் சின்னாபின்னமாக்கியது. அதன்பின் ஆலை முன்போல எழவே இல்லை, 2020இல் மூடப்பட்டது. மற்ற இரண்டும் இன்று ஓடவில்லை. இருபது முப்பது ஆண்டு அனுபவமுள்ள கைகள் வாட்ச்மேன் வேலைக்கும் பெட்டிக்கடைக்கும் போயின. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இப்படி வேலை இழந்த நீண்டகால ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1993இல் வந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் வருமானம் ஏறக்குறைய 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஆள் அதே ஆள்தான். ஆலை போனதும், ஆலையால் கிடைத்த மதிப்பும் போய்விட்டது.

காகிதத்தில் நீங்கள் யார் என்பதும் சம்பளத்தைப் பேசும். இதற்கும் நம் ஊரிலேயே சரித்திரம் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர் தம் சமயத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். அப்படிச் செய்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். அவர்களில் பலர் கப்பலேறி சைகோனில் காவல், சுங்கம், தபால், சிறை என்று அரசு வேலைகளில் சேர்ந்தார்கள். தாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஆகவே ஐரோப்பியருக்கான சம்பள விகிதம் வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரிகளுக்கு அது கசந்தது; வழக்கும் வாதமும் நீண்டகாலம் நடந்தது. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் நிக்காஹ், வாரிசுரிமைச் சட்டங்களைத் துறக்க முடியாது என்று அந்தக் காகிதத்தில் கையெழுத்திடவில்லை. காரைக்காலிலிருந்தும் இங்கிருந்தும் துணி வியாபாரத்துக்கும் நாணய மாற்றுக்கும் சைகோன் போனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கே கட்டிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் இருக்கிறது. அரசுச் சம்பளத்தின் வாசல் ஒரு கையெழுத்தில் அடைபட்டதால் வியாபாரத்தின் வாசலுக்குப் போன சமுதாயம் நாம். மாதச் சம்பளத்தைவிடச் சொந்தத் தொழிலை நாடும் பழக்கம் நம்மிடம் மிகுதி என்று 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை எழுதியபோது, நாடு தழுவிய காரணங்கள் பல சொன்னது. நம் ஊருக்கு இந்தச் சைகோன் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

இப்போது பெயரைப் பற்றி. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இருவரின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்முக அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டுப் பிள்ளைகள் மனம் தளரக் கூடாது. அழைப்பே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் இதன் விளைவைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று அழைப்பு வருகிறவர் மூன்றையும் ஒப்பிட்டுப் பேரம் பேசுவார். ஓர் அழைப்பு மட்டும் வருகிறவர், சொன்ன சம்பளத்துக்குத் தலையாட்டிவிட்டு வருவார். இப்படித்தான் பெயர் சம்பளமாக மாறுகிறது. ஆகவே நம் பிள்ளைகள் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இது நியாயமல்ல. ஆயினும் விண்ணப்பிக்க வேண்டும்.

வேறு இடமில்லாதவரின் கூலி குறையும் என்பதை 1933இல் ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கோட்பாடாகவே எழுதினார். ஒரு பொருளை ஒரே ஒருவர்தான் விற்கிறார் என்றால் விலையை அவர் ஏற்றுவார்; உழைப்பை ஒரே ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் கூலியை அவர் இறக்குவார். வீட்டிலிருந்தே தையல், எம்ப்ராய்டரி, மணி கோர்ப்பு செய்யும் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். வேலை செய்யும் முஸ்லிம் பெண்களில் 70 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள், எல்லாப் பெண் தொழிலாளர்களையும் சேர்த்தால் 51 சதவீதம் என்று சச்சார் அறிக்கை சொன்னது. ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று துணி கொண்டுவருகிறவர் ஒருவர்தான்; அவர் சொன்னதே விலை. பக்கத்துத் தெருவில் என்ன கொடுக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. கைத்திறனில் அந்தப் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். தெருவுக்குத் தெரு விலையைக் கேட்டு எழுதி, மாதம் ஒருமுறை பெண்கள் பிரிவின் கூட்டத்தில் வாசிப்பது என்று தொடங்கியிருக்கிறோம். சிறிய காரியம்தான். விலை தெரிந்தபின் இரண்டு பேர் சேர்ந்து பேசினார்கள் என்று கேள்விப்பட்டோம், அல்ஹம்துலில்லாஹ்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். விசா எந்த முதலாளி பெயரில் இருக்கிறதோ அவரை விட்டு எளிதில் நகர முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2011 ஜனவரியில் ஒரு விதியை மாற்றியது: ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறிடம் சேரலாம். சுரேஷ் நாயுடுவும் அவருடன் இருவரும் அங்கே வேலை செய்த வெளிநாட்டவரின் சம்பளக் கணக்கை எடுத்து 2016இல் வெளியிட்டார்கள். விதி மாறியபின், ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வேறு இடம் போகவே இல்லை. பழைய இடத்திலேயே இருந்தார்கள். போகலாம் என்ற நிலை வந்ததே போதும், முதலாளி கூட்டிக் கொடுத்துவிட்டார். விசா ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, முடிந்தால் மாறலாமா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒப்பந்தத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம்.

இனி வணிகர்களுக்கு.

முன்பு சொன்ன ஓர் அழைப்பு மட்டும் வரும் பிள்ளை கடைசியில் எங்கே வருகிறான்? நம் கடைகளுக்குத்தான் வருகிறான். "நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுத் தருகிறேன்" என்று பாய் சொல்கிறார். அத்தாவும் "பாய் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார். எவ்வளவு என்று யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. கேட்டால் உறவுக்கு மரியாதை இல்லை என்றாகிவிடும். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்; அது நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடன் தீரும்வரை பையன் வேறு கடைக்குப் போக முடியாது. வளைகுடா விசாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கூலியின் அளவை முதலில் பேசாமல் விட்டால், எதை உலருமுன் கொடுப்பது?

வணிகர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நேரு வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் வாடகை எப்படி ஏறியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். கடைக்குள் வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செல்பேசியில் வாங்குகிறவர்களையும் பார்க்கிறோம். லாபம் இல்லாத கடை பெரிய நிறுவனத்தின் சம்பளத்தைத் தர முடியாது. தரச் சொன்னால் கடைதான் மூடும். ஆகவே ஒரே சம்பளம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு எந்தக் கடைக்கும் செலவில்லை. முன்பணத்தை வேலையோடு முடிச்சுப் போடாமல் தனியாகக் கணக்கு வைப்பதற்கும் செலவில்லை. வாரம் ஒருநாள் விடுமுறைக்குச் செலவு உண்டு, சிறியது.

அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் இந்த ஆண்டு முதல் ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழுவில் முன்மொழியப்பட்டிருக்கிறது. கடன் கேட்கும் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்துவடிவில் சம்பள விவரம் இருக்க வேண்டும். சட்டப்படி பதிய வேண்டிய இடமானால் இ.எஸ்.ஐ., வைப்பு நிதிப் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். குழுவில் இதற்கு இரண்டு கருத்து இருக்கிறது. கடன் என்பது அவசரத்தில் இருக்கும் சகோதரருக்குக் கைகொடுப்பது, அதில் நிபந்தனை ஏன் என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் கனம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன் நிதியில் கூலிக்காரர்கள் ரமலானில் கொடுத்த பத்தும் நூறும் இருக்கின்றன. அந்தப் பணத்தை வாங்கும் கடை தன் கூலிக்காரருக்கு என்ன செய்கிறது என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு என்பது நம் கருத்து. பொதுக்குழுதான் முடிவெடுக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள் இருவரும் தங்கள் கருத்தை எழுதி அலுவலகப் பெட்டியில் போடலாம். வேலை செய்கிறவர்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. வருகிற மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் இதே மண்டபத்தில் வாக்கெடுப்பு, இன்ஷா அல்லாஹ். பெண் உறுப்பினர்களுக்கு மாடியில் தனி இடம் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் வாக்கு உண்டு.

வஸ்ஸலாம்.